சீக்கிரம் வந்த ரத்தம்

ரத்தப் பை வந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, கீழே கேன்டீனில் வாங்கிவந்த டீயின் மூடியை நான் இன்னும் திறக்கவில்லை. என் மனைவியின் கையிலிருந்து பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முருகா என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன கையோடு, இவ்வளவு சீக்கிரமா என்று ஓர் உறுத்தல். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏன் இப்படி என்று எனக்கே விளங்கவில்லை.

சிட்னியில் நாங்கள் இருப்பது ஹோம்புஷில். அங்கே ஒரு தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு ஏறவில்லை. சமையல்காரன் விசாவில் வந்து அப்படியே ஊன்றிவிட்டோம். ஒரே மகள், கல்யாணமாகி மெல்போர்னில் இருக்கிறாள். மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் உதிரம் கொட்டிக் கொட்டி, போன மே மாதம் ஒருநாள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைவு, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், தெம்பு வந்த பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள்.

அந்த வார்டு நர்ஸ் கேரளத்துப் பெண். கோயம்புத்தூரில் படித்தவளாம், தமிழ் நன்றாகவே வந்தது. என் முகத்தைப் பார்த்து, "என்ன அண்ணா, ரத்தம் வந்துடுச்சுன்னு சொன்னா இப்படிப் பாக்கறீங்க?" என்றாள்.

"இல்லம்மா. போன தடவை காலையில கேட்ட ரத்தம் சாயங்காலம்தான் வந்துச்சு."

"அதெல்லாம் பழைய கதை. இப்போ எல்லாத்தையும் அளக்கறாங்க. அங்க பாருங்க."

நடைபாதைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் பச்சையும் சிவப்புமாக வட்டங்கள். ரத்தம் கேட்டால் எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது, வந்த பைகள் வீணாகாமல் இருந்தனவா, ஏற்றும் முன் இரண்டு பேர் சரிபார்த்தார்களா, ஏற்றும்போது காய்ச்சலும் நாடியும் பார்த்தார்களா என்று மாதாமாதம் கணக்கெடுத்து நிறம் கொடுப்பார்களாம். எங்கள் கடைக்குச் சுத்தம் பார்க்க வருகிற அதிகாரி வாசலில் ஒட்டிவிட்டுப் போகிற நட்சத்திரம் மாதிரி. அந்த மாதம் முழுக்கப் பச்சை. அவளுக்கு அதில் பெருமை. நல்ல பெண், பெருமைப்படட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்குப் போன தடவை நினைவிலிருந்து போகவில்லை. சில வருடங்களுக்கு முன்னால், இதே ஆஸ்பத்திரி, வேறு மாடி. அப்போதும் இதே உதிரப்போக்குதான். ஏன் இத்தனை தாமதம் என்று கேட்டதற்கு ஒரு டாக்டர் வந்து பொறுமையாகச் சொன்னார். எனக்கு இருக்கிற ஆங்கிலத்தில் பிடிபட்டது கொஞ்சம்தான். இவள் ரத்தத்தில் ஒன்று இருக்கிறது, எல்லார் ரத்தமும் இவளுக்கு ஆகாது, ஆகிற ரத்தமாகத் தேட வேண்டும் என்றார். மகள் பிறந்தபோது தஞ்சாவூரில் ரத்தம் ஏற்றினார்களே, அதனால் வந்ததாக இருக்கலாம் என்றும் சொன்னார். அன்று முழுக்க, யாரோ ஒருவர் ஊர் ஊராகக் குளிர்ப்பெட்டிகளைத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு யாரும் தேடவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

நர்ஸிடம் அதைச் சொன்னேன். அவள் உதறித் தள்ளவில்லை. கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அண்ணா, அக்காவுக்கு இங்க ரத்தம் ஏத்தினதாவே இல்லையே. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இதுதான் முதல் தடவைன்னு இருக்கு."

"நான் இந்தக் கட்டடத்துலதானம்மா அன்னிக்கு முழுக்க உக்காந்திருந்தேன்."

அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். சின்ன வயதுப் பையன், தூக்கமில்லாத கண்கள். என் தோளில் கை வைத்துப் பேசினான். வேறு ஆஸ்பத்திரியாக இருந்திருக்கும், நிறையப் பேருக்கு இப்படிக் குழம்பும், எப்படியானாலும் இன்றைக்கு எடுத்த ரத்தத்தைப் புதிதாகச் சோதித்தாயிற்று, அதில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றான். நர்ஸ் அதைத் தமிழில் சொன்னாள். மரியாதையாகச் சொல்கிறவனிடம் மேலே என்ன பேசுவது?

படுக்கையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "போதும் விடுங்களேன். தோசை கருகுதா இல்லையான்னா ஒங்களக் கேக்கலாம். இத அவங்க பாத்துக்குவாங்க."

"பாத்தீங்களா அண்ணா, அக்கா எவ்வளவு தைரியம்," என்று நர்ஸ் சிரித்தாள்.

பை தட்டில் இருந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தால் அரை மணிக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டுமாம். தாண்டினால் திருப்பி வைக்க முடியாது, குப்பைதான். யாரோ ஒரு புண்ணியவான் கையை நீட்டிக் கொடுத்தது. அதைக் குப்பையில் போடச் சொல்ல நான் யார்? ஒதுங்கி நின்றேன்.

இன்னொரு நர்ஸும் வந்தாள். இரண்டு பேரும் பையில் ஒட்டியிருந்த சீட்டை வாய்விட்டுப் படித்தார்கள். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் படித்தார்கள். அவளையே பெயர் சொல்லச் சொன்னார்கள். பிறந்த தேதி சொல்லச் சொன்னார்கள். ஜூன் முதல் தேதி என்று ஆங்கிலத்தில் சொன்னாள், வருடமும் சொன்னாள். எல்லாம் பொருந்தியது. ஓர் எழுத்துப் பிசகியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிசகவே இல்லை.

சட்டைப் பையில் இருந்த விபூதியை எடுத்து அவள் நெற்றியில் வைத்தேன். நர்ஸ் குழாயைத் திறந்தாள். கருஞ்சிவப்பாக அது இறங்கி இறங்கி அவள் கைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் கால் மணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டுமாம். உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். "அக்கா, அடுத்த வாரம் பிறந்தநாள் வருதே. அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்."

அப்போதுதான் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இருக்கிற அக்கா உள்ளே வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, எங்களைவிட மூத்தவள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவருவதற்கு முன்பே கோயிலில் பழக்கம், பழைய வீட்டுக்கும் வந்து போவாள். என் மனைவிக்கென்று சூப் வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்திருந்தாள். அதை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆருக்குப் பிறந்தநாள்? தங்கச்சிக்கோ? அது தையிலயல்லோ வாறது. பொங்கல் முடிஞ்ச கையோட. வருசா வருசம் கோயில்ல அர்ச்சனை செய்துபோட்டு எனக்குச் சக்கரைப் பொங்கல் கொண்டந்து தாறவ."

மனைவி படுத்தபடியே சிரித்தாள். "அது நெசப் பொறந்தநாள்க்கா. இது ஹெட்மாஸ்டர் குடுத்தது. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வயசு பத்தலைன்னு ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டார். எங்க வகுப்புல பாதிப் பேருக்கு அதே தேதிதான்."

"அப்ப உங்கட ஊரில ஒரே நாளில அத்தனை பிள்ளைப்பேறோ? மருத்துவிச்சி பாவம்."

நர்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க ஊர்லயும் அப்படித்தான் அக்கா. எங்க அப்பாவுக்கு ரெண்டு பிறந்தநாள். கவர்மென்ட்டுக்கு ஒண்ணு, பாயசத்துக்கு ஒண்ணு."

சொல்லி முடித்தவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள்.

"அக்கா, போன தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ எந்தத் தேதி சொன்னீங்க?"

"எனக்கு என்ன நெனவிருக்கு? மயக்கமா கெடந்தேன்."

"நான்தான் அம்புலன்ஸில கூட வந்தனான்," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "தம்பி வேலையில நிண்டவர். கவுண்டரில கேட்டவை, எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னனான். தை மாசத் திகதிதான்."

நர்ஸ் குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டி மூடினாள். மூடிய பிறகுதான் எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது அவளோடு அந்தச் சின்ன டாக்டரும், அவனுக்குப் பின்னால் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவும் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவதில் தவறு நேராமல் பார்த்துக்கொள்வதும், அந்தப் பலகைக்குக் கணக்கு எடுப்பதும் அந்த அம்மாவின் வேலை. கம்ப்யூட்டரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்று சொன்னாள். ஒரே பெயர். ஒருத்தி ஜூனில் பிறந்தவள், மெடிகேர் என்கிற அரசாங்க மருத்துவ அட்டையில் இருப்பவள், அவள் பேரில் ஒரு குறையும் இல்லை. இன்னொருத்தி ஜனவரியில் பிறந்தவள், நாங்கள் முன்பு குடியிருந்த ஸ்ட்ராத்ஃபீல்ட் விலாசம், அவள் பேருக்கு எதிரே சிவப்பில் எச்சரிக்கை. இரண்டு பேரும் என் மனைவிதான்.

"அப்போது உங்களுக்கு, எல்லா ரத்தமும் ஆகாது என்று எழுதி ஒரு அட்டை அனுப்பியிருப்பார்களே?" என்று கேட்டாள்.

வரவில்லை என்றேன். அந்தச் சமயத்தில்தான் வீடு மாறினோம்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். நர்ஸ் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். சிலருடைய ரத்தத்தில் ஒரு குறி இருக்கும். தஞ்சாவூரில் ஏற்றிய ரத்தத்தில் அது இருந்திருக்கிறது. என் மனைவியின் உடம்பு அதை அந்நியம் என்று கண்டு, எதிர்க்கக் கற்றுக்கொண்டது. வருடம் போகப் போக அந்த எதிர்ப்பு மெலிந்து, சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். அதனால்தான் இன்றைக்குச் சுத்தம் என்று வந்தது. ஆனால் மறுபடி அந்தக் குறியைக் கண்டால் உடம்பு விழித்துக்கொள்ளும். உடனே அல்ல, சில நாள் கழித்து. விழித்துக்கொண்டால் ஏறிய ரத்தத்தை உடைக்கும். உடைந்தது சிறுநீரகத்தில் போய் அடைக்கும்.

"இந்தப் பையில அது இருக்காம்மா?" என்று கேட்டேன்.

பார்க்கிறோம் என்றாள். சாயங்காலம் வந்து, இருந்தது என்றாள்.

உள்ளே எவ்வளவு போயிற்று என்று கேட்டேன். சில கரண்டி அளவுதான் என்றாள். உடம்பை விழிக்கவைக்க அது போதுமா போதாதா என்று எங்களுக்குத் தெரியாது, காத்திருந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். மறைக்காமல் சொன்னாளே என்று அவளை எனக்குப் பிடித்தது.

போகும்போது அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். "பை சீக்கிரம் வந்தது. இரண்டு பேர் சரிபார்த்தார்கள். கால் மணி நேரம் பக்கத்தில் இருந்தார்கள். அந்த அம்மா சூப் கொண்டு வந்திருக்காவிட்டால் இதையும் நாங்கள் பச்சையில்தான் சேர்த்திருப்போம்," என்றாள். இதை நர்ஸ் பலகையைப் பார்க்காமல் எனக்குத் தமிழில் சொன்னாள்.

பொருத்தமான ரத்தத்தைத் தேடி எடுத்து மறுநாள் ஏற்றினார்கள். அதற்கு அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணின் நிறத்தைப் பாருங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருநாள்கூட விடாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அதிலிருந்து எங்கள் விடியல் கழிவறையில்தான். அவள் போய்விட்டுத் தண்ணீர் விடாமல் என்னைக் கூப்பிடுவாள். இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். கல்யாணமான இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வெட்கக்கேடு வந்ததில்லை. இரண்டாம் நாளே அந்த வெட்கம் போய்விட்டது. கழிவறையில் சாமி பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவன் நான். அங்கேதான் சொன்னேன். அதைவிட அவசரமாக அவரைக் கூப்பிட எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் நிறுத்தி, அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பேன்.

எதிர்வீட்டு அக்கா நாங்கள் கதவைத் திறக்கிற சத்தத்துக்குக் காத்திருப்பாள்.

"என்ன நிறம், தம்பி?"

"வெளுப்புதான்க்கா."

"அப்ப சரி." போகாமல் நிற்பாள். "நான் அண்டைக்குப் பாஸ்போட் திகதியைச் சொல்லியிருந்தா இந்தக் கரைச்சல் வந்திராது என்ன?"

"நீங்க சொன்னதுதானேக்கா நெசம். அன்னிக்கு மயக்கத்துல அவளக் கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பா."

ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை. ஒருநாள் எங்களுக்குத் தெரியாமல் கோயிலுக்குப் போய், இரண்டு தேதிக்கும் சேர்த்து அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். ஐயர் ஒருத்திக்கு எப்படி இரண்டு தேதி என்று கேட்டாராம். "ஒண்டு பிறந்தது, மற்றது பிறப்பிச்சது எண்டு சொன்னனான்," என்றாள். அன்றைக்கு மட்டும் மூன்று பேரும் சிரித்தோம்.

ஒரு வாரம் போனது. வெளுப்புதான், வெளுப்புதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கே கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. ஒரு காலையில் அவள் கூப்பிடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து வைத்து, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பால் விடாத டீ மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் கூட்டி வந்தேன். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தொட்டு இழுத்தது போல ஒரு சாயம்.

"இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"வெளக்கேத்திட்டுப் போயிடலாம்."

அவளே ஏற்றினாள். தீக்குச்சி இரண்டு தடவை அணைந்து போயிற்று. நான் வாங்கவில்லை, அவளே ஏற்றட்டும் என்று நின்றேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஒரு பெண் பிறந்த தேதி கேட்டாள். என் மனைவி இரண்டையும் சொன்னாள். அந்தப் பெண் விழித்தாள். "ஒன்று பாஸ்போர்ட்டில், ஒன்று உண்மையில், இரண்டையும் போடு," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். நிற்கத் தெம்பில்லாதவள் அதை மூன்று தடவை சொன்னாள்.

அந்த நாட்களை எழுத எனக்கு வரவில்லை. விழித்துக்கொண்ட உடம்பு அவள் சொந்த ரத்தத்தையும் சேர்த்து உடைக்கிறது என்றார்கள். ரத்த அளவு இறங்கிக்கொண்டே இருந்தது. சிறுநீரகம் தாங்குகிறதா என்று காலையும் மாலையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மகள் மெல்போர்னிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் டாக்டர்களிடம் அவள் கேட்ட கேள்விகளைப் பார்த்து, என்னிடம் இவ்வளவு நாள் எத்தனை பேர் எத்தனை விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சஷ்டிக்கு இருக்கிற விரதத்தை நாள்தோறும் இருந்தேன். டாக்டர்கள் பார்த்ததாலும் முருகன் பார்த்ததாலும் சிறுநீரகம் தாங்கிற்று. மஞ்சள் மெல்ல மெல்ல வடிந்தது.

அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள். ஆனால் கட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள், வருகிற வியாழக்கிழமை. வயிற்றைத் திறக்கிறபோது ரத்தம் வேண்டியிருக்கும். அவளுக்கென்று தேடி எடுத்த பைகளைத் தனியாக வைத்திருப்பதாக அந்த வயதான அம்மா மகளிடம் போனில் சொன்னாள். இரண்டு பெண்களையும் கம்ப்யூட்டரில் ஒருத்தியாகச் சேர்த்துவிட்டார்களாம். வேறு பிறந்த தேதி உண்டா, வேறு எங்கே ரத்தம் ஏற்றினார்கள் என்று கவுண்டரில் இப்போது கேட்கிறார்களாம். பலகையில் அதற்கும் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்களாம், இன்னும் நிறம் கொடுக்கவில்லையாம். பழைய கணக்குகளைக் கிளறி, இப்படி இரண்டாகக் கிடக்கிறவர்களைத் தேடுகிறார்களாம்.

"கெடைச்சாங்களான்னு கேளும்மா," என்றேன்.

மகள் கேட்டாள். கிடைக்கிறார்கள் என்றாளாம். எங்கள் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறவர்களைத்தான் எங்களால் பார்க்க முடியும், மற்ற இடங்களில் என்ன இருக்கிறதோ தெரியாது என்றாளாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் கூட்டம். சிட்னியிலேயே தள்ளியிருக்கிற கெல்லிவில்லிலிருந்து குடும்பத்தோடு வருகிற ஒருவர், என் வயதுதான் இருக்கும், கல்லுக்குப் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டம்மாவும் பிள்ளைகளும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். தோசையை வைக்கும்போது கேட்டேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒங்களுக்குப் பொறந்த தேதி ரெண்டு இருக்கா?"

அவர் சிரித்தார். "இல்லாம? மார்கழியில பொறந்தவன். பாஸ்போர்ட்ல ஜூன் அஞ்சு. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தானே. ஏன், சாமி காரியமா?"

"ஆஸ்பத்திரியில எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா சார்?"

"ஊர்ல ஒரு ஆக்ஸிடென்ட்ல ஏத்தினாங்க. இங்க வந்தப்புறம் பைபாஸுக்கு ஏத்தினாங்க. இப்ப மறுபடி ஒண்ணு பண்ணணும்ங்கறாங்க." தோசையை விண்டவர் கையை நிறுத்தினார். "எதுக்குக் கேக்கறீங்க?"

கல்லில் இன்னொரு தோசை கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.